ஷட்டருக்குப் போட்ட ஓட்டு

சாந்தா ரீத்தா என்ற அந்த மலை ஊரில் மேயர் மாறினால் முதலில் மாறுவது போலீஸ் வண்டிகளின் நிறம்தான். பள்ளிக்கூட வாத்தியாரான கிரோஸ் மேயராக இருந்தபோது எல்லாம் வெளிர் நீலம். அவருக்கு முந்தியவர் காலத்தில் செங்கல் நிறம். அதற்கும் முன்னால் ஒரு பாசிப் பச்சை. கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் மூன்றும் அடுக்கடுக்காகத் தெரியும். நகராட்சிப் போலீசில் சார்ஜென்ட்டாக இருந்த அம்பாரோ மகாஞா இந்த மூன்று நிறத்திலும் வேலை பார்த்தவள்.

நிறத்தோடு சேர்ந்து வேலையும் மாறும். ஒரு மேயர் வந்து, போலீஸ்காரர்கள் வாலிபர்களோடு கால்பந்து ஆடினால் குற்றம் குறையும் என்றார். ஆடினார்கள். அடுத்தவர் வண்டிகளை நிறுத்திவிட்டு சைக்கிளில் ரோந்து போகச் சொன்னார். போனார்கள், அந்த மலைச்சரிவில், நாக்குத் தள்ள. ஒரு வேலை கைக்குப் பழகி, ஊருக்கும் பழகி வரும் நேரத்தில் சுவர்களில் மறுபடி வேட்பாளர்களின் முகங்கள் முளைத்துவிடும். ஆரம்பத்தில் அம்பாரோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோபப்பட்டிருக்கிறாள். பிறகு கோபம் நின்றுபோய், முழங்கால் வலி மாதிரி ஒரு அலுப்பு மட்டும் தங்கிவிட்டது.

வாத்தியார் செய்ததில் உருப்படியாக ஒன்று இருந்தது என்றால் அது வீட்டுப் பிரிவு. அம்பாரோ, அவளுக்குக் கீழே இரண்டு பெண் காவலர்கள், ஒரு பழைய கார், அதை ஓட்ட எவரிஸ்தோ என்ற நரைத்த மீசைக்காரர், ஒரு கைபேசி. அவ்வளவுதான் பிரிவு. வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம். கூப்பிடாவிட்டாலும், கோர்ட் யாரை எல்லாம் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று விலக்கி வைத்திருந்ததோ அவர்களின் வீடுகளுக்கு இவர்களே வாரம் ஒருமுறை போய்க் கதவைத் தட்டி, சும்மா பேசிவிட்டு வருவார்கள். பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கார் வரும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடிக்கக் கை ஓங்கியவனுக்கும் தெரிந்திருந்தது.

லா லோமா மேட்டில் தொர்த்தியாக் கடை வைத்திருந்த செனாய்தாவின் வீடும் அப்படிப் போகிற வீடுகளில் ஒன்று. கடைக்குப் பின்னாலேயே வீடு. முன்னால் மக்காச்சோள மாவை மெஷின் தட்டித் தட்டிச் சூட்டுத் தகட்டில் போட்டுக்கொண்டே இருக்கும். செனாய்தா வெந்த ரொட்டிகளை அடுக்கித் துணியில் சுற்றிக் கொடுத்தபடி மேட்டுக்காரர்கள் எல்லோர் வீட்டுக் கதையையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் ஃபிதென்சியோ அவளுடைய தாடையை ஒருமுறை உடைத்துவிட்டு, கோர்ட் உத்தரவு வந்ததும் எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போயிருந்தான்.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு அம்பாரோ போனபோது, செனாய்தா ஒரு சூடான ரொட்டியில் உப்புத் தூவிச் சுருட்டி நீட்டினாள்.

"யாருக்குப் போடப் போறேன்னு கேக்க மாட்டியா அக்கா?"

"யூனிஃபார்ம்ல இருக்கேன். கேக்கக் கூடாது."

"கேக்காத. நானே சொல்றேன். சிஸ்னெரோஸுக்குத்தான். உடனே மூஞ்சியத் தொங்கப் போடாத."

"என் மூஞ்சியே இப்படித்தான்."

"நீ தப்பா நெனச்சுக்கக் கூடாது. ஷட்டர ஒடச்சு மோட்டாரக் கழட்டிட்டுப் போனானுங்களே, உங்க வாத்தியார் என்ன பண்ணாரு? பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி வச்சாரு, அமைதியே நம் செல்வம்னு. அந்தச் செல்வத்த வச்சு நான் மாவு அரைக்க முடியுமா?"

அம்பாரோ ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். அந்த வருஷம் கடைகளை உடைப்பது ஊரில் நித்தியத் தொழிலாகி இருந்தது. டிராக்டர் வியாபாரியான லியோபார்தோ சிஸ்னெரோஸ் அதை வைத்தே ஊரைச் சுற்றி வந்தார். இரும்புக் கை என்பதுதான் அவருடைய கோஷம். சுவரொட்டிகளில் அவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றார்.

"வீட்டுப் பிரிவ எடுத்துருவாங்களோ என்னமோ" என்றாள் அம்பாரோ, பேசக் கூடாது என்று நினைத்திருந்தும்.

"அதையெல்லாம் ஏன் எடுக்கப் போறாங்க? அது பாட்டுக்கு இருக்கும். அந்த ஃபிதென்சியோ இப்ப எங்க, ஆயிரம் மைலுக்கு அப்பால இருக்கான். திருடன்தான் பக்கத்துல இருக்கான்."

சிஸ்னெரோஸ் அமோகமாக ஜெயித்தார். வண்டிகள் எல்லாம் அடர் ஊதா ஆயின. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கேப்டன் ரென்தெரியா போலீஸ் இயக்குநராக வந்தார். அவர் சட்டைக் காலர் கசங்காதவர், குரல் உயர்த்தாதவர். முதல் வாரத்திலேயே வீட்டுப் பிரிவைக் கலைத்தார். கைபேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அம்பாரோ அவருடைய அறைக்குப் போய் நின்றாள்.

"சார்ஜென்ட், ஒண்ணு கேக்கறேன். ஜனங்க எதுக்காக ஓட்டுப் போட்டாங்க?"

"திருட்டு நிக்கணும்னு, கேப்டன்."

"புருஷன் பெண்டாட்டிச் சண்டைய நிறுத்தணும்னு யாராவது மேடையில கேட்டாங்களா?"

"அடி வாங்கறவ மேடைக்கு வர மாட்டா, கேப்டன்."

அவர் மேசை மேல் இருந்த ரோந்துப் பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க சொல்றது புரியாம இல்ல. இருக்கற ஆள வச்சுக்கிட்டு மேயர் கேக்கறதச் செய்யவே எனக்குப் போதல. எதையாவது விடணும்னா, எத விட்டா யாரும் சத்தம் போட மாட்டாங்களோ அதத்தான் விட முடியும். நான் செய்யலன்னா என்னைய மாத்திட்டு வேற ஒருத்தரக் கொண்டு வருவாங்க. அவரும் இதேதான் செய்வாரு."

அதில் பொய் இல்லை என்பதுதான் அம்பாரோவைத் தளர வைத்தது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டு வந்திருக்கலாம். சல்யூட் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவளையும் எவரிஸ்தோவையும் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் சோதனைச் சாவடியில் போட்டார்கள். வருகிற லாரியை நிறுத்துவது, தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது, அவகாடோ பெட்டிகளைப் பார்த்துவிட்டு அனுப்புவது. மற்றவர்கள் நீளத் துப்பாக்கிகளோடு பெரிய வண்டிகளின் பின்னால் நின்றபடி கடைவீதியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆரம்பத்தில் சிரித்த ஊர், கடை உடைப்பு குறைந்ததும் சிரிப்பதை நிறுத்தியது. உண்மையாகவே குறைந்தது. செனாய்தாவின் ஷட்டரை அதன் பிறகு யாரும் தொடவில்லை.

ஃபிதென்சியோ திரும்பி வந்தது அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு.

அன்று மாநிலத் தலைநகரில் இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். புதிதாக வாங்கிய ரோந்து வண்டிகளைச் சதுக்கத்தில் வரிசையாக நிறுத்தி, பாதிரியார் புனித நீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த அத்தனை போலீசும் அங்கே விறைப்பாக நின்றது. நடு மதியம். சாவடியில் அம்பாரோவும் எவரிஸ்தோவும் மட்டும் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். வயர்லெஸ் கரகரத்தது.

"குடும்பத் தகராறு. லா லோமா, தொர்த்தியாக் கடை. வண்டி காலியானதும் பார்க்கவும்."

அம்பாரோ மைக்கை எடுத்தாள். "சாவடியில இருந்து சார்ஜென்ட் மகாஞா. நாங்க போறோம்."

பிறகு அதே குரல், யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது போல வந்தது. "சாவடியை விட்டு நகரக் கூடாது. அதிகாரி அந்த வழியாத்தான் திரும்பிப் போவார்."

"அங்க ஒரு பொம்பளைய அடிக்கறான்."

"வண்டி காலியானதும் அனுப்பறோம், சார்ஜென்ட்."

எவரிஸ்தோ சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்தார்.

"சார்ஜென்ட்டம்மா, எனக்கு திடீர்னு வயித்த வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

"ஆஸ்பத்திரி கீழ இருக்கு. லா லோமா மேல இருக்கு."

"வலி வந்தவனுக்கு வழி தெரியுமா? ஏறுங்க."

மேடு ஏறும்போது, சாவடிக்கென்று கொடுத்திருந்த பழைய வண்டி இருமியது. தெருவில் பெண்கள் கூடி நின்றிருந்தார்கள். கடைக்குள்ளே யாரும் போகவில்லை. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எடுப்பார் இல்லாமல் ரொட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தன. செனாய்தா மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைச் சூட்டுத் தகட்டில் வைத்து அழுத்தியிருந்தான். அவள் அழவில்லை. பற்கள் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

அம்பாரோ முதலில் மெஷினை நிறுத்தினாள்.

ஃபிதென்சியோ வாசல் கல்லில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். ஓடிப் போகக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. எவரிஸ்தோ விலங்கை எடுத்தபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

"இப்பல்லாம் நீங்க வர்றதில்லன்னு சொன்னாங்களே?"

அம்பாரோ அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஃபிதென்சியோ ஜில்லா ஜெயிலுக்குப் போனான். கோர்ட் உத்தரவை மீறியதும் சேர்ந்துகொள்ளவே, சட்டென்று வெளியே வர முடியாத தண்டனையாகவே கிடைத்தது. செனாய்தாவின் கையில் தோல் ஒட்டவைத்தார்கள். இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. அன்று பெரிய அதிகாரி காலியான சாவடியைக் கடந்து போனார். அதனால் ஊரில் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. ஆனால் அவர் மேயரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். எவரிஸ்தோவை வயதைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்பாரோவைச் சம்பளம் இல்லாமல் சில வாரம் உட்கார வைத்துவிட்டு, நகராட்சிக் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள்.

"நல்ல வேலைதான்" என்றார் எவரிஸ்தோ, அவளைப் பார்க்க வந்த அன்று. "செத்தவங்க புகார் குடுக்க மாட்டாங்க. ஓட்டும் போட மாட்டாங்க."

"நம்ம ஊர்ல சில பேர் போடுறாங்க" என்றாள் அம்பாரோ. அவர் சிரித்த சிரிப்பில், பூ வைக்க வந்த ஒரு அம்மாள் திரும்பி முறைத்தாள்.

செனாய்தா இடது கையால் ரொட்டி அடுக்கப் பழகிக்கொண்டாள். அம்பாரோ லீவு நாட்களில் போய்க் கொஞ்ச நேரம் மூட்டை தூக்கிக் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு நாள் செனாய்தா கல்லாவில் உட்கார்ந்தபடி, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு முதல்ல உன் பழைய நம்பருக்குத்தான் போட்டேன், தெரியுமா? இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு ஒரு பொண்ணு சொல்றா. எவ்வளவு இனிமையா சொல்றா. ரெண்டாவது தடவையும் போட்டேன், அதே குரல். அப்பத்தான் நெனச்சேன், இத நிறுத்துனது நான்தானேன்னு."

"நீ எங்க நிறுத்தின?"

"நான்தானே அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டேன்."

"நீ ஷட்டருக்குத்தானே போட்ட."

"ஆமா. ஷட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றாள் செனாய்தா. எழுந்து போய் அந்த ஷட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி தேர்தல் வந்தது. சிஸ்னெரோஸ் இன்னொரு தடவை நின்றார். எதிர்த்து நின்றவர் பல் டாக்டர் கிராசியேலா விய்யசென்யோர். நல்ல பெண்மணி. காசில்லாதவர்களுக்குச் சும்மாவே பல் பிடுங்கிவிடுபவர். அவர் கல்லறைத் தோட்டத்துக்கே வந்து, தூசு படிந்த பெஞ்சில் தயங்காமல் உட்கார்ந்தார்.

"வீட்டுப் பிரிவ நான் திருப்பிக் கொண்டு வருவேன் அம்பாரோ. நீங்கதான் அதுக்குத் தலைமை. என் கூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும், அவ்வளவுதான்."

"வேலையில இருக்கறப்ப முடியாது, டாக்டரம்மா."

"யூனிஃபார்ம் இல்லாம வாங்க."

"கடைவீதி ரோந்து என்ன ஆகும்?"

"அதெல்லாம் வெறும் ஷோ. நிறுத்திருவோம். அந்த ஆட்களத்தான் உங்களுக்குத் தரப் போறேன்."

இதை எடுத்து அதில் போடுவார்கள், பிறகு அதை எடுத்து இதில் போடுவார்கள், ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு கதவு திறந்து கிடக்கும் என்று அம்பாரோவுக்குத் தோன்றியது. முழங்காலைத் தடவிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. டாக்டர் மறுபடி வந்து வற்புறுத்தவும் இல்லை.

சிஸ்னெரோஸின் கூட்டம் லா லோமாவில் நடந்த அன்று ஆள் பற்றாக்குறை என்று அம்பாரோவையும் கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றைப் பிடிக்க அழைத்திருந்தார்கள். வெயில் சாயும் நேரம். பிளாஸ்டிக் நாற்காலிகள், இலவச எலுமிச்சை ஜூஸ், ஒலிபெருக்கி. மேயர் பேசி முடித்துவிட்டு, வியாபாரிக்கே உரிய தாராளத்தோடு, "யாருக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார். முன் வரிசையில் இருந்து செனாய்தா எழுந்தாள். அவள் வந்திருப்பதையே அம்பாரோ அப்போதுதான் பார்த்தாள். மைக்கை இடது கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, போன தடவ நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

கைதட்டல்.

"என் ஷட்டர யாரும் ஒடைக்கல. சொன்னபடி செஞ்சீங்க. அதுக்கு நன்றி."

இன்னும் பலமான கைதட்டல். மேயர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

"இது என் கை." வலது கையை உயர்த்திப் பிடித்தாள். சுருங்கி இறுகிய தோல் சாய்ந்த வெயிலில் மினுங்கியது. "நான் கூப்பிட்டப்ப உங்க போலீஸ் எல்லாம் வண்டிக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தாங்க. உத்தரவ மீறி வந்த ஒருத்தியக் கல்லறைக்கு அனுப்பிட்டீங்க. அதோ கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஷட்டருக்கு ஒரு ஓட்டுச் சீட்டு, கைக்கு ஒரு ஓட்டுச் சீட்டுன்னு ரெண்டு குடுப்பாங்களா? ஒண்ணுதான்னா எதுக்குப் போடறதுன்னு எனக்குத் தெரியல."

ரெண்டு சீட்டு என்றதும் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. மேயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாக்கலாம்மா, கண்டிப்பா பாக்கலாம்" என்றார். பாண்டு வாத்தியம் அவசரமாகத் தொடங்கியது. அம்பாரோ கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பது முதுகில் உறைத்தது. பெருமையாக இல்லை. எங்காவது போய் உட்கார வேண்டும் போல இருந்தது.

சிஸ்னெரோஸ் ஜெயித்தார், ஆனால் மயிரிழையில். கடைவீதிப் பெட்டிகள் அவரைக் காப்பாற்றின. லா லோமாப் பெட்டியில் அவர் தோற்றார். அவருக்குக் கணக்குத் தெரியும். டிராக்டர் விற்றவர்.

வீட்டுப் பிரிவு திரும்ப வந்தது. அதற்கு இப்போது 'பாதுகாப்பான இல்லம்' என்று பெயர். ஊதா நிறப் புதுக் காரில் மேயரின் முகம் பெரிதாகப் போட்டிருந்தது. தலைமைக்கு அவருடைய தம்பி மகள் யாரெலி, சட்டம் படித்துவிட்டு அப்போதுதான் வந்தவள். அம்பாரோவைக் கல்லறையில் இருந்து கூப்பிட்டு, யாரெலிக்குக் கீழே போட்டார்கள். கேப்டன் ரென்தெரியாதான் அதைச் சொன்னார்.

"இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க. வேற ஆளப் போடறேன்."

"வேற ஆள் யாரு?"

"யாரும் இல்ல."

"அப்ப ஏன் கேக்கறீங்க?" என்றாள் அம்பாரோ. கேப்டன் முதல்முறையாகப் புன்னகைத்த மாதிரி இருந்தது.

திறப்பு விழா சதுக்கத்தில் காலையிலேயே வைத்தார்கள். அம்பாரோவைப் பின் வரிசையில் நிறுத்தினார்கள். மேயர் பெண்களைப் பற்றி, தாய்மையைப் பற்றி, தன் தாயாரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். செனாய்தா கடையை விட்டு வரவில்லை; வியாபார நேரம். தாயார் சமைத்த பொசோலே சூப்புக்கு மேயர் வந்த நேரத்தில், அம்பாரோவின் சட்டைப் பையில் பிரிவின் கைபேசி அதிர்ந்தது. எடுத்தாள். ஆற்றங்கரைத் தெரு. ஒரு பெண் மூச்சு விடாமல் கிசுகிசுத்தாள். பின்னால் கதவு இடிபடும் சத்தம்.

"உள்ளாற தாழ்ப்பாள் போட்டுக்க. போன வைக்காத. இதோ வந்துட்டோம்."

அம்பாரோ வரிசையை விட்டு நடந்தாள், பிறகு ஓடினாள். மேடைக்கு முன்னால் நிறுத்தியிருந்த புதுக் காரின் ரிப்பனைக் கையால் பிய்த்து எறிந்துவிட்டு ஏறினாள். கூட்டம் சலசலத்தது. மேயர் ஒரு நொடி வாயைப் பிளந்தார். அதற்குள் சுதாரித்துக்கொண்டு மைக்கில் கத்தினார்.

"பாருங்க! இதத்தான் சொன்னேன்! எவ்வளவு வேகம் பாத்தீங்களா!"

சதுக்கம் முழுக்கக் கைதட்டியது. இன்னொரு கதவைத் திறந்துகொண்டு யாரெலி மூச்சிரைக்க ஏறினாள்.

"நானும் வரேன். நான் என்ன பண்ணணும்?"

"முதல்ல அந்தச் செருப்பக் கழட்டு. அதப் போட்டுக்கிட்டு ஆத்தங்கரைக் கல்லுல ஓட முடியாது."

யாரெலி மறுபேச்சு இல்லாமல் கழற்றினாள். அம்பாரோ கைபேசியை அவளிடம் கொடுத்தாள். "இதக் காதுல வச்சுக்க. அவகிட்ட பேசிக்கிட்டே இரு. என்ன வேணும்னாலும் பேசு, நிறுத்தாத."

யாரெலி அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள். அம்பாரோ சைரனைப் போட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.